ஒரு வாய்த் தண்ணீர்

தையல்நாயகி விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை. வாளியிலிருந்து கையில் ஏந்திய ஒரு வாய்த் தண்ணீர் இரண்டு கன்னங்களுக்கும் நடுவில் நிற்க, அவள் கிணற்றுக் கட்டுச் சுவரைப் பிடித்தபடி நின்றாள். உப்பு. ஐயோ, இல்லை, அந்தச் சொல்லைக் கிணற்றடியில் சொல்லக் கூடாது, மனதுக்குள்ளும் சொல்லக் கூடாது, மற்றது என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீரில் மற்றது இருக்கிறது. எப்படி இருக்கும், இது நல்ல கிணறு, சுற்றிவரக் கடல் கிடக்கிற இந்தத் தீவில் குடிக்கக்கூடிய தண்ணீர் ஊறுகிற ஒரே கிணறு, அவளைப் பெற்ற அப்பு வைத்துவிட்டுப் போன கிணறு, இதைக் குடித்துத்தான் அவள் அறுபது வயதைத் தாண்டினாள், இதில் எப்படி மற்றது வரும். கண் மருந்தாக இருக்கும். விடிய எழும்பினதும் வலக்கண்ணில் இரண்டு துளி விட்டாள், கண்ணில் விடுவது தொண்டையில் வந்து இறங்கும் என்று யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கண்ணை வெட்டின பிறகு தாதிப் பெட்டை சொல்லித்தான் அனுப்பினாள். ஆனால் அது கசக்கும், நேற்றும் கசந்தது, முந்தநாளும் கசந்தது. இது கசக்கவில்லை. அப்படியென்றால் கண்ணீராக இருக்கும், வெட்டின கண் வெயிலைக் கண்டால் வடிகிறது, வடிந்து மேலுதட்டில் இறங்கியிருக்கும். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாய்க்குள் தண்ணீர் அப்படியே நின்றது. கிணற்றடியில் துப்பக் கூடாது, துப்பினவர்களை அவளே துரத்தியிருக்கிறாள், வேலிக்கு அப்பால் போய்த் துப்பலாம், போனால் துப்பப் போகிறாள் என்று ஆகிவிடும், அவளுடைய கிணற்றுத் தண்ணீரை அவளே துப்பினாள் என்று ஆகிவிடும். ஊரில் ஓயாத வாய் என்று பெயர் எடுத்த வாய் அது. அந்த வாய் இன்றைக்குத் தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் மூடிக்கிடந்தது. கடைசியில் விழுங்கினாள். தொண்டையில் நேராகவே இறங்கியது, ஆனால் நாக்கின் ஓரத்தில் அது மிச்சமிருந்தது.

இன்னொரு தரம் பார்ப்போம். வாளியைக் கவிழ்த்துக் கழுவினாள், வாளிதான் பழுதோ, தான் இல்லாத நாட்களில் யாரும் கடற்கரைக்குக் கொண்டுபோய் மீன் கழுவினார்களோ, அப்படிச் செய்கிற ஆட்கள் இப்போது இங்கே யார் இருக்கிறார்கள், எண்ணி எடுக்கக்கூடிய வீடுகள்தானே. கப்பியில் கயிறு கிறீச்சிட்டது. பாரம் தூக்காதே, குனியாதே என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது, வந்து போனது. வாளி தண்ணீரைத் தொட்ட சத்தம் பழைய சத்தம்தான். மேலே வந்த தண்ணீரும் பழைய தண்ணீர்தான், அடி தெரிகிற தெளிவு, இப்போது புதுக் கண்ணுக்கு இன்னும் தெளிவு, வாளியின் அடியில் இருக்கிற கீறல்கூடத் தெரிகிறது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கட்டின் மேல் வைத்துவிட்டு, முகத்தை இன்னொரு தரம் துடைத்துவிட்டு, வாயைக் கூட ஒரு தரம் துடைத்துவிட்டுக் குடித்தாள். மற்றது. சந்தேகமேயில்லை, மற்றது. கட்டின் மேல் உட்கார்ந்தாள். கொக்குவிலில் தங்கை மகள் சுபத்திரா வீட்டில் நின்ற நாளெல்லாம் அந்த வீட்டுத் தண்ணீரைக் குறை சொன்னவள் இவள். சுவரில் ஒரு பெட்டி, பெட்டிக்குள்ளால் தண்ணீர், அதில் ஒரு சுவையுமில்லை, சப்பென்று கிடந்தது, இதென்ன தண்ணியடி பிள்ளை, செத்த தண்ணி, எங்கட கிணத்துத் தண்ணியைக் குடிச்சுப் பார், அதுதான் தண்ணி என்று விடியவும் பொழுதுபடவும் சொன்னாள். சுபத்திரா சிரித்தாள். பொங்கலுக்குத் தீவுக்கு வந்து குடித்திருக்கிறாளே, அதனால்தான் சிரித்தாளோ. அப்படிப் பிடிக்காத தண்ணீர் இரண்டாம் கிழமையில் பிடித்துவிட்டது, அது அவளுக்கே தெரியாமல் பிடித்துவிட்டது. கண்ணைத் திறக்கப் போன இடத்தில் நாக்கைத் திறந்துவிட்டார்கள். இதற்கு முன் எப்போது கடலைத் தாண்டினாள்? புருஷன் செத்து, அவருடைய அந்தியேட்டிச் சடங்குக்குக் கீரிமலைக்குப் போனது, அவ்வளவுதான், அதற்குப் பிறகு வருஷக்கணக்காகத் தீவை விட்டு நகரவில்லை. நாளுக்கு நாள் குடித்தவளுக்கு நாளுக்கு நாள் ஏறியது எப்படித் தெரியும். அப்படியானால் எவ்வளவு நாளாக. அப்படியானால் கண்ணுக்குப் போன அன்றைக்கும், பொங்கலுக்கும், அவர் செத்த வருஷமும். இல்லை, அவ்வளவு காலம் இருக்காது. எவ்வளவு காலம் என்று யாரிடம் கேட்பது, கேட்பதற்கு அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டுமே.

அந்தச் சொல்லை இந்த மண்ணில் யாரும் சொன்னதில்லை. வீட்டில் சொல்லலாம், கடையில் சொல்லலாம், கறிக்குப் போட்டது கூடிவிட்டது என்று புருஷனோடு சண்டை பிடிக்கலாம், ஆனால் கிணற்றைச் சுற்றியுள்ள கல்வேலிக்குள் கால் வைத்தால் அது மற்றது. சொன்னால் தண்ணீர் கேட்டுவிடும், கேட்டால் கடலைக் கூப்பிட்டுவிடும். இதைக் கட்டிக் காத்தவள் தையல்நாயகி. புதிதாகக் கலியாணம் முடித்து வந்த ஒருத்தி, மற்றது வாங்கக் கடைக்குப் போகிறேன் என்று சொல்லத் தெரியாமல் நேராகவே சொல்லிவிட்டாள், தையல்நாயகி ஏசின ஏச்சில் அந்தப் பெண் குடத்தைப் போட்டுவிட்டு அழுதுகொண்டு ஓடினாள். பள்ளிக்கூடத்துக்கு வந்த வெளியூர் வாத்தியார் பாவம், புகழத்தான் வாயைத் திறந்தார், என்ன அருமையான தண்ணீர், உப்பே இல்லை என்றார், அவரை மஞ்சள் தண்ணீர் கரைக்க வைத்துக் கட்டு முழுக்கத் தேய்த்துக் கழுவ வைத்துத்தான் விட்டாள். இப்போது நினைத்தாலும் அதில் பிழை என்று தோன்றவில்லை. பிழை வேறெங்கோ நடந்திருக்கிறது. எங்கே? தண்ணீர் இறைக்கிற மெசினிலா? இந்த நிலமெல்லாம் புகையிலை நின்ற நிலம், அதற்கு முன் குரக்கனும் வரகும் நின்ற நிலம், அப்பு கிணற்றுத் துலா மிதித்து இறைத்தார், சித்தப்பா வாய்க்கால் மாற்றினார், துலாவில் ஏறி இறங்கி அப்புவின் உள்ளங்கால் வெடித்துக் கிடக்கும், இரவில் அதற்கு எண்ணெய் காய்ச்சி ஊற்றுவார்கள், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று சொல்கிறவனைக் கொண்டுவந்து துலாவில் ஏற்ற வேண்டும். மெசின் வந்த அன்றைக்குத் தையல்நாயகிக்கு வந்த சந்தோஷம் கலியாணத்துக்கும் வரவில்லை. வெங்காயம் போட்டார்கள், இறைத்தார்கள், இறைக்க இறைக்கத் தண்ணீர் வந்தது. ஆனால் மெசின் நின்றே எவ்வளவோ காலம், வெங்காயம் போட்ட ஆட்களே கனடாவிலும் வவுனியாவிலும் இருக்கிறார்கள், மெசின் செய்திருந்தால் அப்போதே செய்திருக்கும்.

அப்படியானால் போன வருஷம். நெஞ்சு அந்த இடத்தில் வந்து நின்றது, அந்த இடத்துக்கு வரக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரமும் சுற்றியது போலிருக்கிறது. போன வருஷம் மழை பொய்த்து, ஆவணியில் வாளி அடியில் போய் இடித்து, பெண்கள் குடத்தோடு வேலியடியில் காத்துக் கிடந்தபோது, வெட்டுவோம் என்று யார் முதலில் சொன்னது. அடுத்த வீட்டுப் பூபதி சொன்னாளா, இவள் சொன்னாளா. ஒரு முழம் ஆழமாக்கினால் தண்ணீர் பாயும் என்று எல்லோரும் சொன்னார்கள். மேலே நிற்பதுதான் மழை தந்த தண்ணீர், அதற்குக் கீழே கிடப்பது கடலின் பங்கு என்று இந்தத் தீவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும், தெரிந்துதான் வெட்டினார்கள், ஒரு முழம்தானே என்று வெட்டினார்கள். பாறையில் அலவாங்குக் கம்பி இறங்கியதும் தண்ணீர் பொங்கி ஏறியது, கீழே நின்றவன் கூக்குரலிட்டான், மேலே நின்றவர்கள் கை தட்டினார்கள், தையல்நாயகி தேங்காய் உடைத்தாள், முதல் வாய் அவள்தான் குடித்தாள். அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது? ஞாபகம் வரவில்லை. அழுதுகொண்டு குடித்தாள், சந்தோஷத்தில் அழுதாள், அழுகிறவளின் நாக்குக்கு என்ன தெரியும். கடல் வந்து வாசலில் நின்றது, அவள் தேங்காய் உடைத்து வரவேற்றிருக்கிறாள். ஒருவேளை அது இல்லை, வேறு ஏதாவது, இந்த மாதம் மட்டும், ஒரு மழை பெய்தால் சரியாகிவிடும். மழைக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. வைத்திலிங்கம் அண்ணை போன மாதம் குடும்பத்தோடு தீவை விட்டு வெளிக்கிட்டார், முழங்கால் நோகுது தங்கச்சி, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்க வேணும் என்றார். கமலவேணி மகனுடைய படிப்பு என்றாள், அவன் படிக்கிற வடிவு ஊருக்கே தெரியும். ஒவ்வொருவரும் போகும்போது கிணற்றடிக்கு வந்து ஒரு கை ஏந்திக் குடித்து, இந்தத் தண்ணிக்கு எங்க போறது என்று சொல்லித்தான் போனார்கள், அவளும் ஒவ்வொருவருக்கும் ஒரு போத்தல் நிரப்பிக் கொடுத்தாள். கண்ணுக்குப் போன அன்றைக்கு இறங்குதுறையில் அந்தப் போத்தல் ஒன்று, மூடி திறக்காமல், கல்லின் மேல் கிடந்தது. பாவம், வைத்திலிங்கம் அண்ணை மறந்துபோனார் என்று நினைத்தாள். மறந்தா போனார்? மறந்துதான் போனார், வயது போன மனுஷன். முழங்கால் நோவோடு படகில் ஏறுகிறவனுக்குப் போத்தல் ஞாபகம் இருக்குமா. அந்த நினைப்பை அவள் அதற்கு மேல் போகவிடவில்லை.

ஏனென்றால் அதைவிடப் பெரியது ஒன்று வந்துகொண்டிருந்தது, காலைப் படகில். அடுத்த வளவுப் பூபதியின் மகள் நளாயினி, புருஷனோடும் கைக்குழந்தையோடும். நேற்றுப் பின்னேரம் தையல்நாயகி யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பிப் படகால் இறங்கினபோது இறங்குதுறையில் வைத்துப் பூபதிதான் சொன்னாள், நாளைக்கு நளாயினி வாறாள் மச்சாள், பிள்ளையோட என்று. தையல்நாயகி கறுப்புக் கண்ணாடியும் அதற்குள் கண்ணீருமாக நின்று படகு முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டாள், கேட்டியளே, ஊருக்குப் பிள்ளைச் சத்தம் வரப்போகுது, எல்லாரும் போற ஊருக்கு ஒருத்தி வாறாள் என்று. நளாயினியின் புருஷனுக்குத் தீவுப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும் என்று முன்பே ஒரு கதை இருந்தது. இருக்கத்தான் வருகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாத்தியார், கோயிலுக்கு ஒரு குடும்பம், பிறகு அந்தப் பிள்ளைக்குத் துணையாக இன்னொரு பிள்ளை, இப்படித்தான் ஒரு ஊர் திரும்பவும் பிடித்துக்கொள்ளும். இரவெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள். இப்போது என்ன செய்வது? சொன்னால் நளாயினி படகை விட்டே இறங்க மாட்டாள், இறங்கினாலும் பின்னேரப் படகில் திரும்பிவிடுவாள், அவளைப் பார்த்து மிச்ச வீடுகளும் போகும், தீவு பனைக்கும் காகத்துக்கும் ஆகிவிடும், தையல்நாயகி தனிய இருந்து தனிய சாவாள். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை இதைக் குடிக்கும். முலைப்பாலோடு நிற்கிற வயதில்லை, சோறு குழைத்துத் தீத்துகிற வயது, சோறும் இதில் அவியும், கரைக்கிற மாவும் இதில் கரையும். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவளின் சின்னவனுக்குச் சிறுநீரகம் பழுதாம், தண்ணீரால்தான் என்று அந்தத் தாய் திரும்பத் திரும்பச் சொன்னாள், தண்ணியால அம்மா, தண்ணியால, நாங்கள் கவனிக்கேல்லை. அப்போது தையல்நாயகி என்ன சொன்னாள்? எங்கட கிணத்துத் தண்ணி குடிச்சிருந்தால் இப்பிடி வந்திராது என்று சொன்னாள். சொன்னாளே, அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துச் சொன்னாளே. ஒரு கிழமை பொறுத்தால் என்ன? ஒரு கிழமையில் நாக்கு பழையபடி மூடிவிடும், அவளுக்கே இது நல்ல தண்ணீராகிவிடும், தெரியாத ஒன்றை யாரும் மறைக்க முடியாதே, மறைத்தாள் என்று யாரும் சொல்லவும் முடியாதே. இப்படி ஒரு நினைப்பு தனக்குள்ளிருந்து வந்ததைக் கண்டு அவள் திடுக்கிட்டாள். தண்ணீரைவிட அதற்குத்தான் கூடப் பயந்தாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள், புதுக் கண்ணுக்குத் தன் முகம் நல்ல வடிவாகத் தெரிந்தது, பார்க்கப் பிடிக்கவில்லை, எழும்பினாள். வேலிப் படலை திறக்கிற சத்தம் கேட்டது.

பூபதி இரண்டு குடங்களோடு வந்தாள், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. தூரத்திலிருந்தே பகிடி தொடங்கிவிட்டாள்.

"என்ன மச்சாள், புதுக் கண்ணால என்ர முகம் தெரியுதோ? தெரியாமலே இருந்திருந்தால் நல்லம் எண்டு நினைக்கிறியோ?"

பூபதி குடங்களை இறக்கி வைத்துவிட்டுக் கயிற்றுக்குக் கை நீட்டினாள்.

"விடு, நான் அள்ளுறன். உன்னைக் குனியக் கூடாதெண்டெல்லோ சொல்லி விட்டவங்கள்."

"அள்ளாத."

"ஏன்?"

"அள்ளாத பூபதி. இந்தத் தண்ணியைப் பிள்ளைக்குக் குடுக்காத."

பூபதியின் கை கயிற்றில் நின்றது. "ஏன் மச்சாள்?" என்றாள், மெதுவாக.

மற்றது என்று சொல்லலாம். வாய் அதற்குத்தான் தயாரானது, காலம் முழுக்கப் பழகின வாய். ஆனால் மற்றது என்றால் ஒரு பிள்ளைக்குக் கேடு வருமென்று யாருக்கு விளங்கும், அது ஒரு விளையாட்டுச் சொல், பெண்கள் சிரித்துக்கொண்டு சொல்கிற சொல். சொன்னாள்.

"உப்பு. தண்ணி உப்படி. கிணத்துக்குள்ள கடல் வந்திட்டுது."

சொல்லியாகிவிட்டது. கிணறு சும்மா கிடந்தது. பூபதி கிணற்றைப் பார்க்கவில்லை, வாளியைப் பார்க்கவில்லை, தையல்நாயகியைத்தான் பார்த்தாள், அவளுடைய முகத்தில் பயமில்லை, ஆச்சரியம்கூட வேறு மாதிரியான ஆச்சரியமாக இருந்தது.

"மச்சாள்," என்றாள், "உனக்கு இண்டைக்குத்தானோ தெரிஞ்சது?"

"என்னடி கேக்கிறாய்?"

"இவ்வளவு நாளும் உனக்கு உண்மையாத் தெரியாதோ? நாங்கள், நீ தெரிஞ்சு கொண்டுதான் சொல்லாமல் இருக்கிறாய் எண்டெல்லோ நினைச்சம்."

"ஆர் நாங்கள்?"

"எல்லாரும்தான். யாழ்ப்பாணம் போய் வந்த எல்லாருக்கும் வாயில வச்ச உடனயே விளங்கும். வெட்டின பிறகு தொடங்கினது. நீ பாவம், ஒரு இடமும் போறேல்லை."

எல்லோரும். ஒவ்வொரு காலையும் இந்தக் கட்டடியில் நின்று கதை சொல்லிச் சிரித்துக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் எல்லோரும். அவளுக்கு முன்னால் ஒரு கை ஏந்தி, அவள் பார்த்துக்கொண்டிருக்க, விழுங்கினார்களே.

"ஒருத்தராவது எனக்குச் சொல்லக் கூடாதோ?"

"எங்க வச்சுச் சொல்லுறது? இஞ்ச வச்சோ?" பூபதியின் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "அந்தச் சொல் வாயில வந்தாலே நீ ஆளைக் கொல்லுவாய். வீட்டில வந்து சொல்லுவம் எண்டு ரெண்டு தரம் வந்தன். ரெண்டு தரமும் தேத்தண்ணி ஊத்தித் தந்து, எங்கட தண்ணியில தேத்தண்ணி எப்பிடி எண்டு கேட்டாய். எனக்கு வாய் வரேல்லை மச்சாள்."

வெயில் ஏறிவிட்டது. வெட்டின கண் கூசியது, கண்ணாடி கட்டின் மேல் கிடந்தது, எடுத்துப் போட வேண்டும் என்று தோன்றவில்லை. ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு, மனதில் அதற்கு மிச்சமாக ஒன்றுதான் இருந்தது.

"அப்ப நளாயினி? அவளுக்குத் தெரிஞ்சும் இருக்க வாறாளோ?"

பூபதி குடத்தின் வாயைச் சேலையால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

"அவள் இருக்க வரேல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போக வாறாள். நேற்று இறங்குதுறையில சொல்லத்தான் வந்தனான், நீ கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாச் சத்தம் போட்டாய், அதில எப்பிடிச் சொல்லுறது?"

"எப்ப போறியள்?"

"பின்னேரப் படகில."

காகம் ஒன்று வந்து வேலிக் கல்லில் இருந்து, ஒன்றும் கிடைக்காது என்று கண்டு போய்விட்டது. தையல்நாயகி பூபதியின் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள், பிறகு நிலத்தில் கிடந்த இரண்டு குடங்களையும் பார்த்தாள். குடிக்க இல்லையென்றால், சமைக்க இல்லையென்றால், பின்னேரம் போகிறவளுக்கு இது எதற்கு.

"அப்ப இந்த ரெண்டு குடமும்?"

"வீடு கழுவ," என்றாள் பூபதி. "ஊத்தையா விட்டிட்டுப் பூட்ட மனம் வரேல்லை."

ஏசலாம், அழலாம், கயிற்றைப் பறித்து எறிந்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தலாம், இந்த மூன்றையும் செய்யக்கூடியவள்தான் தையல்நாயகி. ஒன்றும் வரவில்லை. கை மட்டும் தான் செய்து பழகியதைத் தேடிப் போனது. கயிற்றை வாங்கி வாளியை இறக்கினாள். இழுத்தாள். பூபதி வேண்டாம் என்று தடுக்க வர, முழங்கையால் அவளைத் தள்ளிவிட்டு ஒரு குடத்தை நிரப்பினாள், பிறகு மற்றக் குடத்தையும் நிரப்பினாள், ஒரு துளி வெளியே சிந்தாமல். ஒன்றைத் தூக்கிப் பூபதியின் இடுப்பில் வைத்துவிட்டாள்.

"உன்ர வீடு பெரிசெல்லோ," என்றாள். "ரெண்டு குடம் காணாது. தண்ணி முடிஞ்சால் திரும்பி வா, நான் அள்ளி வைக்கிறன்."